கபடிக்காரருக்கு முப்பத்தைந்து வயதான பிறகு

மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்' 2025 தீபாவளிக்கு வந்தபோது நம் பக்கத்துப் பேச்செல்லாம் துருவ் விக்ரம் உடம்பை ஏற்றிய விதத்தையும் படத்தில் வரும் சாதிப் பகையையும் சுற்றியே இருந்தது. இரண்டும் பேச வேண்டியவைதான். அந்தக் கதைக்கு மூலமான மனிதரைப் பற்றிய பேச்சு மட்டும் பாதியில் நின்றுவிட்டது. தூத்துக்குடி மாவட்டம் மணத்தியைச் சேர்ந்த கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர். 1995க்கான அர்ஜுனா விருது பெற்றவர். முப்பது வருடமாகக் கபடி ஆட்களைத் தாண்டி அதிகம் வெளியே போகாத பெயர், ஒரு படத்தால் திடீரென்று வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. படம் ஒரு பையன் ஊரிலிருந்து ஜப்பான் வரைக்கும் போய்ச் சேரும் கதை. சினிமாவுக்கு அது போதும். என் கேள்வி ஜப்பானிலிருந்து திரும்பி வந்த பிறகு தொடங்குகிறது. ஆட்டம் முடிந்தபின் மிச்சம் இருக்கும் முப்பது, நாற்பது வருடத்துக்கு ஒரு கபடிக்காரரின் வீட்டில் உலை வைப்பது எது? தமிழ்நாட்டில் அந்த வாழ்க்கையைத் தாங்கியது ஆட்டத்தால் கிடைத்த நிரந்தர வேலைதான் என்பது என் கட்சி. புரோ கபடி லீக் வந்து பதினொரு வருடம் தாண்டிய பிறகும் தாங்கிக்கொண்டிருப்பது அதுதான். ஏலத் தொகையின் பளபளப்பில் அந்த வேலைகள் கரைவதை நாம் கண்டுகொள்ளாமல் இருக்கிறோம்.

கணேசன் வந்த வழியையே எடுத்துக்கொள்வோம். ஊருக்காக ஆடியவர், பிறகு சேரன்மகாதேவி சன் பேப்பர் மில் அணிக்கு ஆடினார், அதன்பின் தமிழ்நாடு மின்சார வாரிய அணிக்குப் போனார். இதில் நடுப்படியை இன்றைய பையன்களுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. காகிதம் செய்கிற ஆலைக்குக் கபடி அணி எதற்கு? பெயருக்குத்தான். ஆலையின் பெயர் பனியன் முதுகில் ஊர் ஊராகப் போகும். ஜெயித்தால் மறுநாள் பத்திரிகையில் வரும். தொழிலாளர்களுக்குத் தங்கள் ஆலை என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கும். ஆடுகிறவருக்கோ அதுவே முதல் சம்பளம். காலையில் பயிற்சி, பிறகு ஏதோ ஒரு பிரிவில் வேலை, போட்டி நாட்களில் ஆன் டியூட்டி. தினமும் இறைச்சியும் முட்டையும் பாலும் உடம்புக்கு வேண்டும் என்கிற வயதில், ரேஷன் அரிசியை நம்பி இருக்கிற வீட்டுப் பையனுக்கு அந்த மாதச் சம்பளம்தான் தசை. அங்கே ஆடுவதைப் பார்த்து மின்வாரியமோ ரயில்வேயோ வங்கியோ காவல்துறையோ கூப்பிடும். கபடியின் ஏணி அப்படித்தான் இருந்தது. அதில் எந்தப் படிக்கும் தொலைக்காட்சி தேவைப்படவில்லை.

தொலைக்காட்சி கபடியைத் திரும்பிக்கூடப் பார்க்காத காலம் அது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில்தான் கபடி முதன்முதலாகப் பதக்கப் போட்டியானது. அந்த முறை இந்தியா மொத்தமாக வாங்கியது ஒரே ஒரு தங்கம். அது கபடியில் வந்தது. நாட்டின் மானத்தைக் காப்பாற்றிய அந்த அணியில் யார் யார் ஆடினார்கள் என்று இன்று யாரைக் கேட்டாலும் பெயர் வராது. அதே வருடத்துக் கிரிக்கெட் அணியைக் கேட்டால் பதினொரு பேரையும் வரிசையாகச் சொல்ல ஆள் உண்டு. விளம்பரம் இல்லை, புகழ் இல்லை, ஆட்டத்துக்கென்று கூலி இல்லை. அப்படியிருந்தும் அந்தத் தலைமுறை பதினைந்து இருபது வருடம் ஆடியதென்றால், காரணம் சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயர் இருந்ததுதான்.

இங்கே இங்கிலாந்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். தென்காசிப் பக்கத்து இலஞ்சியில் உட்கார்ந்துகொண்டு ரக்பி லீக் பற்றி எழுதுவானேன் என்று கேட்பீர்கள். அந்த ஆட்டம் பிறந்த காரணமே நான் சொல்லிக்கொண்டிருக்கும் விஷயம்தான், அதனால். வட இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்கள் நிலக்கரிச் சுரங்கத்திலும் பஞ்சாலைகளிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். போன கூலியை மட்டுமாவது கிளப் ஈடுகட்டட்டும் என்று கேட்டார்கள். ஆட்டத்தைக் காசுக்கு ஆடுவது கேவலம் என்று, கூலிக்கு வேலை பார்க்கத் தேவையே இல்லாத தென்பகுதிக் கனவான்கள் மறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திய கிளப்கள் கூடி, தனியாகப் பிரிந்து வந்தன. இழந்த வேலைநாளுக்கு 6 ஷில்லிங் என்று வைத்தார்கள். இன்று பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் என்கிற தனி ஆட்டத்தின் பிறப்புச் சான்றிதழ், ஒரு நாள் கூலிக்கான ரசீதுதான். ஓடி வருபவனை நாலு பேர் மறித்து அமுக்குவதும், அமுக்கியதும் ஆட்டம் நின்று மறுபடி தொடங்குவதும் பார்த்தால் நம் கபடிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரிகூட இருக்கும். ஆனால் எனக்கு அந்த ஒற்றுமையைவிடச் சம்பளக் கணக்கில் உள்ள ஒற்றுமைதான் முக்கியம்.

அடுத்து நடந்தது இன்னும் சுவையானது. 1898இல் அந்த வடக்குச் சங்கம் ஆட்டத்துக்கு வெளிப்படையாகவே பணம் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. கூடவே ஒரு நிபந்தனையையும் போட்டது: பணம் வாங்கி ஆடுகிறவர் யாராக இருந்தாலும் ஆட்டத்துக்கு வெளியே ஒழுங்கான ஒரு வேலையில் இருக்க வேண்டும். வேலையை விட்டால் ஆட முடியாது. மதுக்கடையில் வேலை செய்வது, பில்லியர்ட்ஸ் மேசைக்கு மார்க்கராக நிற்பது எல்லாம் வேலைக் கணக்கில் சேராது. இதைக் கண்காணிப்பது பெரிய தலைவலியாகி 1905இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். முதலாளித்தனமான கட்டுப்பாடு என்று அதைத் திட்டுவதற்குக் காரணம் உண்டு. ஆட்டக்காரன் சோம்பேறியாகிவிடுவான் என்கிற பயம் அதில் இருந்தது நிஜம். ஆனாலும் முழங்கால் போன மறுநாள் அந்த ஆள் எங்கே போவான் என்கிற கேள்விக்கு அதில் ஒரு பதில் இருந்தது. அதற்குப் பிறகு தொண்ணூறு வருடம், சட்டத்தில் எழுதாமலே, ரக்பி லீக்காரர் வாரநாளில் சுரங்கத்திலோ கட்டட வேலையிலோ இருந்தார், வாரக்கடைசியில் ஆடினார். 1995இல் ஸ்கை தொலைக்காட்சி 8 கோடியே 70 லட்சம் பவுண்டை ஐந்து வருடத்துக்குக் கொட்டி, 1996இல் சூப்பர் லீக் தொடங்கிய பிறகுதான் மேல்தட்டு கிளப்களில் முழுநேர ஆட்டக்காரர் என்பது வழக்கமானது. அதற்குக் கீழ் டிவிஷன்களில் இன்றும் பெரும்பாலானோர் பகல் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பயிற்சிக்குப் போகிறவர்கள். நூற்றாண்டு பழைய தொழில்முறை ஆட்டத்தின் நிலையே இதுதான்.

"அண்ணாச்சி, அது அந்தக் காலம். இப்ப கோடிக்கணக்குல ஏலம் போறாங்களே" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். சரி, பணத்தையே பார்ப்போம். 2014இல் முதல் புரோ கபடி ஏலத்தில் அதிகத் தொகைக்குப் போனவர் ராகேஷ் குமார், 12 லட்சத்து 80 ஆயிரத்துக்கு. 2018இல் மோனு கோயத் 1 கோடியே 51 லட்சம். 2022இல் நம் தமிழ் தலைவாஸ் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. அடுத்த வருடம் தெலுங்கு டைட்டன்ஸ் அவருக்கு 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்தது. எட்டு ஒன்பது வருடத்தில் இருபது மடங்கு. பள்ளிக்கூடத்தில் சடுகுடு ஆடினால் முதுகில் அடி விழுந்த நாட்டில் இது பெரிய விஷயம், எனக்கு அதில் சந்தோஷம்தான். அதே ஏலத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஏ பிரிவுக்கு அடிப்படை விலை 30 லட்சம், பி பிரிவுக்கு 20, சி பிரிவுக்கு 13, டி பிரிவுக்கு 9 லட்சம். ஒரு அணி மொத்தமாகச் செலவிடக்கூடியது 5 கோடி. அதில் ஒருவருக்கே இரண்டரைக் கோடி போனால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கைதட்டலோடு தொலைக்காட்சியில் காட்டுவது மேல் பக்கத்தை. அடிப்படை விலைக்குப் போகிறவர்களின் வரிசை வேகமாக ஓடிவிடும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. நன்றாக ஆடக்கூடிய, நட்சத்திரமாகாத ஒரு கார்னர் ஆட்டக்காரர் டி பிரிவில் 9 லட்சத்துக்குப் போகிறார் என்று வைப்போம். மூன்று சீசன் ஆடுகிறார். நாலாவது சீசனில் கைதூக்க ஆள் இல்லை. மொத்தம் 27 லட்சம், வரிக்கு முன். இன்னொருவர் அதே ஆட்டத்தை வைத்து ரயில்வே விளையாட்டுக் கோட்டாவில் 19,900 ரூபாய் அடிப்படைச் சம்பளப் படியில் சேர்கிறார். 2025 ஜூலை நிலவரப்படி 58 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் மாதம் 31,000 ரூபாயைத் தாண்டும். வீட்டு வாடகைப் படி தனி. சம்பள உயர்வே வராது, பதவி உயர்வே கிடையாது என்று வேண்டுமென்றே குறைத்து வைத்தாலும் 35 வருடத்தில் அது 1 கோடியே 30 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. இதில் மருத்துவ வசதியைச் சேர்க்கவில்லை, வங்கிக்காரர் கடன் கொடுக்கும்போது காட்டுகிற மரியாதையைச் சேர்க்கவில்லை, பெண் கொடுக்க வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியைச் சேர்க்கவில்லை. 2003 ஏப்ரலுக்குப் பிறகு தமிழக அரசு வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் இல்லாமல் போனதால் அந்த வேலைகளின் அருமை கொஞ்சம் குறைந்தது உண்மைதான். குறைந்த பிறகும் தராசு எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும்: இரண்டும் சேர்ந்து கிடைத்தால் அதைவிட நல்லது கிடையாது. துறை வேலையில் இருந்துகொண்டே அனுமதி வாங்கி லீக் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் லீக்குக்கு எதிரி அல்ல. லீக் மட்டும் போதும் என்கிற நம்பிக்கைக்குத்தான் எதிரி.

விதிவிலக்காக ஒருவரை எடுத்துக் காட்டுவார்கள்: தஞ்சாவூர்ப் பக்கத்துச் சேரலாதன். 1975இல் பிறந்தவர். 2016இல் பாட்னா பைரேட்ஸுக்குத் தலைவராக இருந்து புரோ கபடிக் கோப்பையை வாங்கினார். அதே வருடம் அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானை 38க்கு 29 என்று வென்று உலகக் கோப்பையைத் தூக்கிய இந்திய அணியிலும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41. அந்த வயதில் கார்னரில் நின்று கணுக்காலைப் பிடிப்பது எத்தனை கடினம் என்று ஒருமுறை பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சேரலாதனைப் பார், லீக் எப்படி ஆயுளைக் கூட்டிவிட்டது என்கிறார்கள். எனக்கு அவர் நேர் எதிரான சாட்சியாகத் தெரிகிறார். 2014இல் லீக் தொடங்கும்போதே அவருக்கு 39. அதற்கு முன் இருபது வருடமாக அவரைத் தரையில் நிறுத்தி வைத்திருந்த எதுவும் லீக் கொடுத்ததாக இருக்க முடியாது, லீக்கே இல்லையே. பழைய ஏற்பாட்டில் பக்குவமான ஒரு ஆளை லீக் கடைசிச் சில வருடங்களுக்கு அறுவடை செய்தது. முதல் சீசனில் ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ் கோப்பை வென்றபோது பயிற்சியாளராக இருந்த கே. பாஸ்கரனும் தமிழ்நாட்டுக்காரர்தான், பழைய ஏற்பாட்டில் உருவானவர்தான். லீக் தானே விதைத்து வளர்த்த ஆட்களுக்கு 39 வயதாகும்போது என்ன நிலை என்பது இனிமேல்தான் தெரியும்.

உடம்பைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. தரைக் கபடியிலிருந்து மேட் கபடிக்கு மாறியதில் சிராய்ப்பும் மண்ணும் போனது. ஷூவின் பிடி வந்தது. பிடி நல்லதுதான், ஆனால் ஓடுகிற ரைடர் திடீரென்று திரும்பும்போது பாதம் நின்று முழங்கால் மட்டும் திரும்பினால் தசைநார் அறுகிறது. அதைச் சரிசெய்ய அறுவைச் சிகிச்சை, பிறகு ஆறிலிருந்து ஒன்பது மாதம் ஓய்வு, அதன்பின் பழைய வேகம் வருமா என்பது சாமி கையில். ரயில்வேக்காரருக்கு ரயில்வே ஆஸ்பத்திரி உண்டு, அந்த ஒன்பது மாதமும் சம்பளம் உண்டு. லீக் ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு அந்த அணி பார்த்துக்கொள்ளும், ஒப்பந்தம் இருக்கும்வரை. இந்த இரண்டிலும் இல்லாதவர்தான் நம் மாவட்டத்தில் அதிகம்: பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் நடக்கிற மின்னொளி கபடியை நம்பி, செங்கோட்டையிலிருந்து சங்கரன்கோவில் வரைக்கும் பைக்கில் போய் ஆடிவிட்டு, ஜெயித்த பரிசை ஏழெட்டுப் பேராகப் பிரித்துக்கொண்டு விடியற்காலையில் வீடு திரும்புகிறவர். அவருக்கு அடிபட்டால் அவர் வீடுதான் ஆஸ்பத்திரி, புத்தூர்க் கட்டுதான் சிகிச்சை. 2022 ஜூலையில் கடலூர் மாவட்டம் பண்ருட்டி பக்கத்தில் ஓர் இளம் வீரர் பாடிப் போன இடத்திலேயே விழுந்து இறந்ததை நாடே காணொளியில் பார்த்தது. 'வெண்ணிலா கபடி குழு' 2009இல் திரையில் காட்டியது வெறும் சினிமா முடிவு என்று நினைத்தவர்கள் அன்றைக்கு அதை வேறு மாதிரிப் பார்த்திருப்பார்கள்.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கூர்மையானது. விளையாட்டுக் கோட்டாவில் வேலை கொடுத்தால் ஆட்டக்காரர் சோம்பிப் போவார், நாற்காலியில் தொப்பை வளர்ப்பார், அலுவலகத்தில் மற்றவர்கள் அவர் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்பார்கள். அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. எந்த அலுவலகத்திலும் ஆடாமலே தொப்பை வளர்த்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வேலை ஆட்டத்தைக் கெடுக்கும் என்றால் அதற்கான அடையாளம் மேல்மட்டத்தில் தெரிந்திருக்க வேண்டும். 2016 உலகக் கோப்பையை வென்ற அணியின் தலைவர் அனூப் குமார் ஹரியானா காவல்துறைக்காரர். அந்த இறுதி ஆட்டத்தில் தனியாக 12 புள்ளி எடுத்துத் திருப்பிய அஜய் தாக்கூர் ஏர் இந்தியா அணியில் ஆடியவர், பிறகு ஹிமாச்சல் காவல்துறையில் டி.எஸ்.பி. ஆனார். தமிழ் தலைவாஸின் முதல் தலைவரும் அவர்தான். வட மாநிலங்கள் பதக்கம் வாங்கியவரை நேராக அதிகாரியாக உட்காரவைக்கின்றன. அதனால்தான் அங்கே ஒரு தகப்பன் தன் பையனைக் கபடிக்கு அனுப்பத் துணிகிறான். ஹரியானாவின் ஆட்டம் மண்ணிலும் பாலிலும் நெய்யிலும் இருக்கிறது என்று நம் ஆட்கள் பெருமூச்சு விடுவார்கள். நெய்யை யார் வாங்கிக் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. வேலை கொடுக்கிறவர் இருந்தால் வேலைக்குச் சிபாரிசு பண்ணுகிறவரும் இருப்பார். மில் மேலாளருக்கு வேண்டியவர், துறை அணியின் பயிற்சியாளருடைய ஊர்க்காரர், இன்ன சாதி என்று பார்த்துத் தள்ளப்பட்டவர் என்று தெற்கே கபடியின் வரலாறு முழுக்க இந்தக் கறை இருக்கிறது. 'பைசன்' படமே அதைத்தான் பேசுகிறது. ஏலத்தில் அது இல்லை, புள்ளி எடுத்தவனுக்கு விலை, சாதிக்கு விலை இல்லை என்கிற வாதத்தில் நியாயம் உண்டு. பாதி நியாயம். ஏல மேடைக்கு வந்த பிறகு சாதி தெரியாமல் இருக்கலாம். அந்த மேடைக்கு வருவதற்கு முன் மாவட்ட அணி, மாநில அணி, தேசியப் போட்டி என்று மூன்று வாசல் இருக்கிறதே, அங்கே நிற்பவர்கள் பழைய ஆட்கள்தான். அந்த வாசலில் கொடுக்கப்படுவதற்குப் பெயர் சர்டிபிகேட். ஊர்ப் போட்டியில் ஆயிரம் பேர் முன்னால் மூன்று பேரைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அதற்குக் காகிதம் கிடையாது. தமிழ்நாட்டில் அரசு, பொதுத்துறை வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது; அதற்கு விண்ணப்பிக்க அங்கீகரிக்கப்பட்ட போட்டியின் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தின் மதிப்பு சங்கத்தின் மதிப்பைப் பொறுத்தது. இந்தியக் கபடிச் சம்மேளனத்தை ஒரே குடும்பம் கையில் வைத்திருந்ததால் 2018 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு நிர்வாகியை நியமித்தது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் பொறுப்பு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் போனது. நடுவில் ஆறரை வருடம். இருபது வயதில் ஆடத் தொடங்கிய ஒருவருக்கு அது பாதி ஆட்ட வாழ்க்கை. இதற்கு மருந்து வேலை ஒதுக்கீட்டை விடுவது இல்லை. தேர்வை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. லீக்கில் ஒவ்வொரு ரெய்டுக்கும் காணொளியும் புள்ளிக் கணக்கும் இருப்பதுபோல மாவட்டத் தேர்வுக்கும் இருந்தால், ஏன் என்னை எடுக்கவில்லை என்று ஒரு பையன் கேட்க முடியும். இன்று கைப்பேசி இல்லாத கபடித் திடல் கிடையாது. அந்தச் செலவு ஒரு சுழற்கோப்பை வாங்குகிற செலவுகூட ஆகாது.

வேலைகள் குறைந்துவருவது லீக்கின் குற்றம் இல்லை, அதை லீக்கின் தலையில் போடுவதும் நியாயம் இல்லை. தனியார் ஆலைகளுக்கு இன்று பெயர் பரவ வேறு வழிகள் இருக்கின்றன. நிரந்தரத் தொழிலாளர் என்ற இனமே சுருங்கி ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுக்கும்போது, யாரைக் கபடிக்காக நிரந்தரம் செய்வது? ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவிடம் போனது. ஒரு பொதுத்துறை நிறுவனம் கைமாறும்போது செய்தியில் விமானமும் கடனும் பேசப்படும், அது எத்தனை வீரர்களுக்குச் சோறு போட்டது என்பது பேசப்படாது. மக்கள் வரிப்பணத்தில் கபடி ஆடுகிறவருக்கு ஏன் சம்பளம் என்று ஒரு கேள்வி வரும். ஆசிய விளையாட்டுத் தங்கத்துக்குக் கொடி ஏற்றும்போது அது மக்களின் தங்கம் என்று சொல்லிக்கொள்கிறோம் அல்லவா. 1990இலிருந்து 2014 வரை ஆண்கள் கபடியில் ஏழு ஆசிய விளையாட்டுகளிலும் தங்கம் நமக்கே வந்தது; 2018இல் ஈரானிடம் அரையிறுதியில் தோற்று வெண்கலம்; 2023இல் ஹாங்சோவில் மீட்டோம். அந்த ஏழில் ஒன்றையும் லீக் பணம் வாங்கித் தரவில்லை என்று சொல்ல முடியாது, 2014 தங்கம் முதல் சீசன் முடிந்த சில வாரங்களில் வந்தது. முந்தைய ஆறைப் பற்றிச் சந்தேகமே இல்லை. அவற்றுக்கான கூலியைத் துறைகள் தவணை முறையில் கொடுத்தன. அதைத் தருமம் என்று சொல்வது தப்பு.

பெண்களைப் பற்றி யோசித்தால் வாதமே தேவையில்லை. 2016இல் பெண்களுக்கென்று மூன்று அணிகளோடு ஒரு போட்டி நடத்தினார்கள். அடுத்த வருடம் தொடரவில்லை. ஆண்களுக்குப் பன்னிரண்டு அணி. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா இருந்தார். தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் மறுகுடியமர்த்தப்பட்ட நகரிலிருந்து ஆசிய அளவுக்கு வந்த ஒரு பெண்ணுக்குப் பரிசுத் தொகை ஒரு தடவை வருவது. அவருடன் பயிற்சி எடுத்து, அணியில் இடம் கிடைக்காமல் போன மற்றப் பெண்களுக்கு அதுவும் வராது. அவர்களுக்கு ஏலம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, ஊர்ப் போட்டிகளும் கம்மி. காவல்துறை, ரயில்வே, ஏதாவது ஒரு பொதுத்துறை: கதவு இருந்தால் அங்கேதான். ஏலம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்கிறவர்கள் கபடி ஆடுகிறவர்களில் ஒரு பாதியை எண்ணவே இல்லை.

லீக் மேலும் வளர்ந்தால் இதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்காக மறுபடி இங்கிலாந்துக்கு, லீட்ஸ் நகரம் வரை போகலாம். ராப் பரோ என்கிற ரக்பி லீக்காரர் லீட்ஸ் ரைனோஸ் என்ற ஒரே கிளப்புக்கு 2001 முதல் 2017 வரை ஆடினார். ஐந்தடி ஐந்து அங்குலம்தான் உயரம். எட்டு முறை சூப்பர் லீக் இறுதியை வென்றவர். அங்கே ஒரே கிளப்பில் பத்து வருடம் ஆடினால் அவருக்கென்று ஒரு வருடத்தை ஒதுக்கி, சிறப்பு ஆட்டம் நடத்தி, வசூலை அவர் கையில் கொடுக்கும் பழக்கம் உண்டு. அந்தத் தொகையில் 1 லட்சம் பவுண்டு வரைக்கும் வரிச் சலுகைகூட இருக்கிறது. ஓய்வு பெற்ற இரண்டே வருடத்தில், 2019 டிசம்பரில், பரோவுக்கு இயக்க நரம்பணு நோய் என்று தெரிந்தது. அடுத்த டிசம்பரில் அவருடைய பழைய அணித் தலைவர் கெவின் சின்ஃபீல்டு ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடி அந்த நோய்க்காக நிதி திரட்டினார். ஊரே அழுதது, பணம் குவிந்தது. 2024 ஜூனில் பரோ இறந்தார். நட்பின் கதையாக இதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் கவனிப்பது வேறு: தொலைக்காட்சிப் பணம் வந்து கால் நூற்றாண்டு ஆன ஒரு ஆட்டத்திலும், பெரும் நட்சத்திரத்தைச் சுற்றிக்கூட, நண்பர் ஓட வேண்டியிருந்தது; பலத்த காயமடைந்தவர்களுக்கென்று தனியாக ஒரு உதவி நிதியை ரக்பி லீக்காரர்கள் நடத்த வேண்டியிருந்தது. சந்தை தானாக அந்த வேலையைச் செய்துவிடவில்லை. பத்து வருடச் சேவைக்கு ஒரு வசூல் ஆட்டம் என்பதும், காயத்துக்கு ஒரு பொது நிதி என்பதும் அங்கே ஆட்டக்காரர்களைச் சுற்றியிருந்த ஊர்கள் ஏற்படுத்தியவை. நம் கபடிக்கென்று அவ்விரண்டும் கிடையாது. புரோ கபடியில் வீரர்கள் சில சீசனுக்கு ஒரு தடவை ஏலத்துக்குத் திரும்புகிறார்கள். ஒரே அணியில் பத்து வருடம் என்பதற்கே அங்கே இடம் குறைவு.

ஆகவே செய்யக்கூடியவற்றில் பெரியது அரசிடம் இருக்கிறது: 3 சதவீத இடங்கள் ஒவ்வொரு வருடமும் எந்தத் துறையில் எத்தனை நிரம்பின, அதில் கபடிக்கு எத்தனை, பெண்களுக்கு எத்தனை என்று பெயர்ப் பட்டியலோடு வெளியிட்டாலே பாதிச் சிபாரிசு வெளியே வந்துவிடும். நடுத்தரமானது லீக்கிடம் இருக்கிறது: ஏலத் தொகையில் சிறு பங்கைப் பிடித்து, ஆடி முடித்தவர்களுக்கும் முழங்கால் போனவர்களுக்கும் நிதியாக வைப்பது பன்னிரண்டு முதலாளிகள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முடிகிற விஷயம். சிறியது நம்மிடம். இலஞ்சி, குற்றாலம், தென்காசி, கடையநல்லூர் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் கபடி நடத்துகிற ஒவ்வொரு இளைஞர் மன்றமும் நோட்டீஸில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சிறந்த ரைடர், சிறந்த கேட்சர் எல்லாம் போடுகிறது. பரிசு கொடுக்கிற பிரமுகர்களின் படம் ஆட்டக்காரர்களைவிடப் பெரிதாக இருக்கிறது. அந்த நோட்டீஸில் இன்னும் ஒரு வரி வேண்டும்: ஆடுகிற அத்தனை பேருக்கும் அன்றைய விபத்துக் காப்பீடு உபயம் இன்னார் என்று. உபயதாரர் படத்தை அதற்காக இரண்டு மடங்கு பெரிதாகப் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.